ரெண்டு கோட்டுக்கு நடுவுல

கையை வைக்காதீங்கன்னு நான் கத்துனதுல உங்களுக்குத் தூக்கம் கலைஞ்சு போச்சுங்களா? மன்னிச்சுக்கங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க. பொகை அது பாட்டுக்கு வருது, டிரைவர் கையில துண்டைச் சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போறாரு. திருகியிருந்தா மூஞ்சி வெந்திருக்கும். கொதிக்கற தண்ணி மூடிக்கு அடியில அமுங்கிக் கெடக்குதுங்க. மூடி சித்த அசைஞ்சாப் போதும், பீச்சி அடிச்சுடும்.

வாங்க, இப்படி இந்தக் கல்லு மேல உக்காரலாம். ஆறுறதுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். டிரைவர் அதுக்குள்ள மூணு தடவை போய்ப் பாப்பாரு, விடக்கூடாது. பள்ளிபாளையம் தாண்டிட்டம்ல? தறிச் சத்தம் கேக்குது பாருங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தறிதான் இங்கெல்லாம்.

எனக்கு எந்த ஊருன்னு பஸ்ல கேட்டீங்க, நான் காது கேக்காத மாதிரி சன்னலைப் பார்த்துக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஈரோட்டுல ஏறினனுங்க. டிக்கெட் சேலத்துக்கு எடுத்திருக்கறேன். சேலத்துல எறங்கி எங்க போறதுன்னுதான் தெரியல. இந்தப் பை ரெண்டும் என்னுதுதான். இருவத்திரெண்டு வருச சாமான் ரெண்டு பையில அடங்கிருச்சுங்க. ஒண்ணுல துணி, ஒண்ணுல ஸ்பேனர்.

மெக்கானிக்குங்களான்னு கேக்கறீங்களா? மெக்கானிக்குத்தான். ஆனா கார் இல்ல, லாரி இல்ல. பிளேன். சிரிக்காதீங்க, நெசந்தான். பெரிய பிளேன் இல்லீங்க, ரெண்டு பேர் உக்கார்ற பிளேன். சேலத்துக்கு அக்கட்டால ஒரு பயிற்சிப் பள்ளிக்கூடம் இருக்குது. பேரெல்லாம் வேண்டாம், அங்க உப்பைத் தின்னிருக்கறேன். பசங்க பிளேன் ஓட்டிப் பழகறது. ரெண்டு பிளேன், ஒரு தகரக் கொட்டாய், ஒரு ஓடுபாதை, சுத்தி வேலிக்காத்தான். கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு ரூம்பு. அதுதான் எனக்கு எல்லாம்.

அந்தப் பிளேன் இஞ்சினுக்கும் கூலன்ட் உண்டுங்க, நம்ம பஸ்ஸுக்கு இருக்கற மாதிரியே. இஞ்சின் மேல ஒரு சின்ன டேங்க், அதுக்கு ஒரு பிரஷர் மூடி. சூடாகி விரியற கூலன்ட் மூடியைத் தூக்கிக்கிட்டு ஒரு ஹோஸ் வழியா வெளிய வந்துரும். வந்து ஒரு பாட்டில்ல நிக்கும். ஓவர்ஃப்ளோ பாட்டில்னு சொல்லுவோம். இஞ்சின் ஆறுச்சுன்னா அதே ஹோஸ் வழியா டேங்க் அதை உறிஞ்சி எடுத்துக்கும். அவ்வளவுதான் சங்கதி. பாட்டில்ல ரெண்டு கோடு போட்டிருப்பாங்க, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அளவு அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்.

அந்தப் பாட்டிலை நான் வெச்சிருந்த மாதிரி யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுவேன். மூடியில காத்து போறதுக்கு ஒரு துளி ஓட்டை இருக்கும், அது அடைஞ்சா வேலைக்காகாது. அதை வாராவாரம் ஊக்குல குத்தி விடுவேன். இந்தா, இந்த ஊக்குதான். சட்டையிலயே குத்தியிருக்கறேன் பாருங்க. என் சம்சாரத்தோடது. வளையல்ல மாட்டியிருந்ததை ஒரு நாள் கேட்டு வாங்கினது.

ரெண்டு பிளேன்ல மஞ்சக் கோடு போட்டது ஒண்ணு, நீலக் கோடு ஒண்ணு. நீலம் என் பொறுப்பு. மஞ்சளோட பாட்டில் ஒரு நிலையில நிக்காதுங்க. காலைல ஒரு அளவு இருக்கும், ஓடி வந்தா ஏறும், ஆறுனா எறங்கும். நீலத்தோட பாட்டிலை வந்து பாக்கணும் நீங்க. காலைல பாருங்க, நடுவுல நிக்கும். பறந்துட்டு வந்ததும் பாருங்க, அதே நடுவுல நிக்கும். ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் எறங்காது. எல்லார்கிட்டயும் காட்டுவேன். என் பிளேன் தண்டாவே பண்றதில்லீங்கன்னு சொல்லுவேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்து சேர்ந்துச்சு. பெனிட்டான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். படிச்சு லைசென்ஸ் வாங்குன பொண்ணு. என் பொண்ணு வயசு இருக்கும். எனக்குப் பொண்ணு இல்லைங்க, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அதுக்கு மஞ்சப் பிளேன் பொறுப்பு. வந்த பதினஞ்சாவது நாள் என் பாட்டிலுக்கு முன்னாடி குனிஞ்சு நிக்குது. நல்லா இருக்குதுன்னு சொல்லப் போவுதுன்னு நினைச்சேன்.

"அண்ணாச்சி, இது ஏன் அசையவே மாட்டேங்கு?"

"அசையாம இருந்தா நல்லதுதான கண்ணு?"

"இல்ல அண்ணாச்சி, சூடானா ஏறணும்லா? ஆறுனா எறங்கணும்லா? ஒண்ணுமே நடக்கலன்னா அங்கன போக்குவரத்தே இல்லன்னுல்லா அர்த்தம். மேல மூடியத் தொறந்து பாத்தியளா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இருவத்திரெண்டு வருசம் இந்தக் கையில. நேத்து வந்த பொண்ணு எனக்கு மூடி திறக்கச் சொல்லித் தருது. உம் பிளேனை நீ பாரு, எம் பிளேனை நான் பாத்துக்கறேன்னு சத்தமாவே சொல்லிப்புட்டேன். அது நேரா போச்சு, ரிஜிஸ்டரை எடுத்துச்சு, பாட்டில் அளவு மாறவில்லை, டேங்கைத் திறந்து பார்க்கவும்னு தேதி போட்டு எழுதி வெச்சுடுச்சு. அதுக்குக் கீழ நான் எழுதினேன். பார்த்தது, சரியாக உள்ளது. கையெழுத்து.

பொய்யின்னு சொல்றாங்க இப்ப. பொய் எங்கிருந்து வந்துச்சுங்க? பார்த்தேன்னுதான எழுதினேன்? பாட்டிலைப் பார்த்தேன்ல?

டிரைவர் மறுபடி போறாரு பாருங்க... ஏனுங்க, இன்னும் ஆகலீங்க! பானெட்டைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது! ம். இருங்க, சித்த இருங்க.

எங்க விட்டேன்? ஆங். போன மாசம் எட்டாந்தேதி. வாத்தியார் ஒருத்தரும் படிக்கற பையனும் நீலத்துல ஏறிப் போனாங்க. போய்க் கால் மணி நேரத்துல திரும்பி வர்றாங்க, இஞ்சின் சத்தமே இல்லாம. மேல போகப் போக சூடு ஏறியிருக்குது, முள்ளு செவப்புக்குப் போயிருக்குது, வாத்தியார் கெட்டிக்காரரு, ஓடுபாதைக்கு நேரா வந்து இஞ்சினை நிறுத்திட்டு அப்படியே மிதக்க விட்டு எறக்கிட்டாரு. யாருக்கும் ஒரு கீறல் இல்லீங்க. அந்தப் பையன் மட்டும் எறங்கிப் புல்லு மேல உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல.

ஆறுனதுக்கப்புறம் டேங்க் மூடியைத் திறந்தாங்க. பெனிட்டாதான் திறந்துச்சு. விரலை விட்டுப் பாத்துச்சு. விரல் நனையலீங்க. டேங்க் வத்திப் போயிக் கெடந்துச்சு. பாட்டில் பாத்தா நடுவுல, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, சொன்ன மாதிரி நிக்குது.

ஹோஸ்ல விரிசலுங்க. கிளிப்புக்கு அடியில, முடி கனத்துக்கு. மேல இருந்து வர்றது எல்லாம் அந்த விரிசல்ல சொட்டி, இஞ்சின் சூட்டுல ஆவியாப் போயிருக்குது. திரும்ப உறிஞ்சறப்ப காத்தை உறிஞ்சியிருக்குது. பாட்டிலுக்கு ஒண்ணும் வரவும் இல்ல, பாட்டில்ல இருந்து ஒண்ணும் போகவும் இல்ல. நான் அதைத்தான் தினம் தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருந்திருக்கறேன்.

விசாரணைக்கு வெளிய இருந்து ஒரு பெரிய இஞ்சினியர் வந்தாரு. கத்தலை, திட்டலை. இஞ்சினோட வந்த புஸ்தகத்தை என் முன்னாடி விரிச்சு வெச்சாரு. "சென்னியப்பன், இதுல ரெண்டு வரி இருக்குது. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதே, இது முதல் வரி. தினமும் காலைல, இஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து பார், இது ரெண்டாவது. நீங்க முதல் வரியோட நின்னுட்டீங்களா?" அப்படீன்னாரு.

ஆரம்பத்துல திறந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் பாட்டில் நல்லா இருக்குதே, மேல எதுக்குத் திறக்கணும்னு விட்டுட்டேன். நல்லா இருக்கறதை எதுக்குங்க கிளறணும்? நீங்களே சொல்லுங்க.

மேனேஜர் நல்ல மனுசன். வேலையை விட்டுப் போன்னு சொல்லல. "கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருங்கண்ணா, சம்சாரத்தோட இருங்க"ன்னாரு. பெனிட்டா ஸ்பேனரெல்லாம் தொடைச்சுப் பையில போட்டுக் குடுத்துச்சு. அண்ணாச்சி, போன் பண்ணுங்கன்னு சொல்லுச்சு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அது கண்ணு வெச்சுதான் பிளேன் இப்படி ஆச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம். இப்ப உங்ககிட்ட சொல்றப்ப எனக்கே வெக்கமா இருக்குது.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க. அந்த முதல் வரி இருக்குதே, கொதிக்கறப்ப திறக்காதேங்கறது, அது எனக்குத் தொழில்ல மட்டும் இல்ல, குடும்பத்துலயும் கை குடுத்திருக்குது. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்து ஒம்பது வருசம் ஆச்சுங்க. எத்தனை பேரால சொல்ல முடியும்?

அவ பேரு வசந்தாமணி. ஈரோட்டுல, சூரம்பட்டிப் பக்கம் வாடகை ஊடு. எங்களுக்குக் கொழந்தை இல்ல. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி அவ தங்கச்சி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா. ஆறு வயசுல ஒரு பொண்ணை விட்டுட்டுப் போனா. தர்ஷிணின்னு பேரு. அந்தக் கொழந்தையை நாம கூட்டியாந்து வளத்தலாங்கன்னு இவ கேட்டா. பாக்கலாம்னேன். மறு நாளும் கேட்டா. பாக்கலாம்னேன். எனக்கு வேண்டாம்னு இல்லீங்க. எதையும் சட்டுன்னு சொல்ல வராது எனக்கு. நாலாவது நாள் கொதிச்சுட்டா. சொம்பு பறந்துச்சு. "உங்களுக்கு அந்த இஞ்சின்தான் பொண்டாட்டி புள்ள எல்லாம், எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க"ங்கறா. அவளை அப்படி நான் பாத்ததே இல்ல. நான் என்ன பண்ணுனேன், பேசாம பையை எடுத்துக்கிட்டேன். "நான் பேசிட்டே இருக்கறேன், நீங்க போறீங்களே"ன்னு வாசப்படியில நின்னு கேட்டா. ஆறட்டும் புள்ள, வந்து பேசிக்கலாம்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

பதினஞ்சு நாள் கழிச்சுப் போனனுங்க. சோறு போட்டா, ரசம் ஊத்துனா. ஒரு வார்த்தை இல்ல. பாத்தீங்களா, ஆறிட்டா. அந்தக் கொழந்தையை அப்பன் வழியில யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்களாம், அதுவும் நானாக் கேட்கப்போயி சொன்னா. அதோட அந்தப் பேச்சையே எடுக்கல. நானும் எடுக்கல. ஆறிக் கெடக்கறதை எதுக்குக் கிளறணும்?

அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரே மாதிரிங்க. தினம் சாயந்தரம் ஆறு மணி, கொட்டாய்க் கதவைப் பூட்டிட்டுப் போன் போடுவேன். டீ குடிச்சியா? குடிச்சேன். எல்லாம் அப்படியே இருக்குதா? அப்படியேதான் இருக்குது. மோட்டார்ல தண்ணி வருதா? வருது. செரி, வெச்சுடறேன். ஒரு நாள் தவறுனதில்ல. மத்த நேரத்துல கூப்பிட மாட்டேன், பயந்துக்குவாளேன்னு. முன்னெல்லாம் மாசம் ஒருக்கா ஊட்டுக்குப் போவேன். அப்புறம் தீவாளி, பொங்கல். போன தீவாளிக்கு நீலத்துக்கு வருசாந்திர செக்கிங் வந்துருச்சு, போகல. பொங்கலுக்கு மஞ்சள். ஏன் வரலைன்னு கோவிச்சுக்கிட்டாளா? இல்லயே. கோவம்னா கேட்டிருப்பால்ல?

இன்னைக்குக் காலைல நேரா ஊட்டுக்குத்தான் போனனுங்க. ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு. சொல்லாம போயி நிக்கலாம்னு ஒரு ஆசை. கதவைத் தட்டுனேன். நான் வெச்ச தாப்பாள்தான், சத்தம்கூட மாறல. திறந்தது வேற பொம்பளை. கையில மாவு.

"வசந்தாமணி இல்லீங்களா?"

"அவங்க காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சுங்களே. நீங்க யாருங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்.

எங்க போயிருக்காங்கன்னு அந்தப் பொம்பளைகிட்டக் கேட்டிருக்கலாம். எப்படிங்க கேக்கறது? எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு இன்னொருத்தர் வாசல்ல நின்னு எப்படிக் கேக்கறது? தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன். வாசல்ல ஒரு முருங்கை நின்னுச்சுங்க, நான் நட்டது. போன மாசம்கூடப் போன்ல கேட்டேன், முருங்கை காய்ச்சிருக்குதா புள்ளன்னு. காய்ச்சிருக்குதுன்னா. இன்னைக்குப் பாத்தா மரமே இல்ல. வெட்டி, சிமெண்டுத் தரை போட்டு, பைக்கு நிறுத்தியிருக்காங்க.

அப்புறம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கிட்டே இருந்தேன். போன் பண்ணலீங்களான்னு கேக்கறீங்க. ஆறு மணி ஆகலீங்களே.

மணி என்ன இப்ப? ஆறா? இருங்க.

...என்ன புள்ள, டீ குடிச்சியா? ...ம். எல்லாம் அப்படியே இருக்குதா? ...ம். மோட்டார்ல தண்ணி... ம். செரி. இல்ல, நான் நல்லாத்தான் இருக்கறேன். கொட்டாய் பூட்டிட்டேன். செரி, வெச்சுடறேன்.

என்னைப் பாக்காதீங்க அப்படி. கேக்கணும்னுதான் போட்டேன். அவ குரலைக் கேட்டதும், எப்பவும் கேக்கறதுதான் வாயில வருது. நானும் பொய் சொன்னேன், கேட்டீங்கல்ல? அப்புறம் ஒண்ணு. அவ பேசறப்பப் பின்னாடி தறிச் சத்தம் கேக்குதுங்க. ரொம்ப நாளாவே கேக்குது. பக்கத்து ஊட்டுல தறி போட்டிருப்பாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். இப்ப இந்தக் காதுல ரோட்டுத் தறி, அந்தக் காதுல அவ தறி, ரெண்டும் ஒரே சத்தம்.

அவளுக்கு உள்ளுக்குள்ள இன்னும் கோவம் இருக்குதோ என்னமோ. இருந்தா ஆறட்டும். ஆறுனதும் கேட்டுக்கலாம்.

என்னங்க? என்ன சொன்னீங்க? ஒம்பது வருசமாவா ஆறாம இருக்கும்னா?

...டிரைவர் கூப்பிடறாரு. வாங்க, எந்திரிங்க. தொட்டுப் பாருங்கண்ணா. கை வைக்க முடியுதா? அப்பத் திறக்கலாம். துணியைப் போட்டு, மெதுவா. பாத்தீங்களா, உஸ்ஸுன்னுகூட வரல. தண்ணி தெரியுதா உள்ள? தெரியலீங்களா? ஊத்துங்க. உங்க பாட்டிலையும் குடுங்க சார். இன்னொண்ணு. அம்மா, உங்ககிட்ட இருக்குதுங்களா? ஊத்துங்க, ஊத்துங்க, இன்னும் நெறையல.

ஏழு பாட்டில் குடிச்சுதுங்க. வெளிய இருந்து பாத்தா யாராச்சும் சொல்லுவாங்களா, உள்ள இம்புட்டு வறண்டு கெடக்குதுன்னு?

சார், நீங்க ஏறுங்க. எனக்கு ஒரு நிமிசம். இல்ல, நீங்களும் சித்த நில்லுங்க பக்கத்துல.

இன்னொருக்கா போடறேன். ஒம்பது வருசத்துல ஒரே நாள்ல ரெண்டு தடவை போட்டதில்லீங்க. பயந்துக்குவா. பயந்துக்கிட்டாலும் செரி. டீ குடிச்சியான்னு கேக்க மாட்டேன். எங்க இருக்கறே புள்ளன்னு கேக்கறேன். அவ்வளவுதான? ரெண்டு வார்த்தை. வாயில வெச்சுக்கிட்டே இருக்கறேன், மாறிடக் கூடாது.

மணி அடிக்குது.

எடுத்துட்டாங்க. ...ஹலோ. ஹலோ?

சார். அவ இல்லீங்க. ஒரு பொண்ணு எடுத்திருக்குது. சின்னக் குரலு, பதினஞ்சு வயசு இருக்கும். பெரியம்மா தறியில நிக்கறாங்க, பேசறது யாருங்கன்னு கேக்குது. என் நம்பரைப் பேர் போட்டு வெக்கல போல. ...இரு கண்ணு, லைன்ல இரு, வெச்சுடாத.

மறுபடி கேக்குதுங்க, நீங்க யாருங்கன்னு. நான் என்னன்னு சார் சொல்லட்டும்?